லால்பாக்கில் கவலை ஓட்டினவங்க

முப்பது வருசமா பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போறேன். சாமந்தி, பட்டன் ரோஸ், நடுவுல சில வருசம் செண்டுமல்லி. ராயக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்ல ராத்திரி டெம்போ ஏறினா விடியக்காலம் மூணு மணிக்கு மார்க்கெட். மூட்டையை இறக்கி, மண்டியில எடை போட்டு, சீட்டு வாங்கி, ஒரு டீ குடிச்சிட்டு ஏழு மணிக்குள்ள ஓசூர் பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். வீட்டுல மாடு கத்தும். அந்த முப்பது வருசத்துல, மார்க்கெட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் போல இருக்கிற லால்பாக் தோட்டத்துக்குள்ள ஒரு தடவைகூட கால் வச்சதில்லை. தோட்டத்துலயே பொழுதன்னைக்கும் கிடக்கிறவன் காசு கொடுத்து இன்னொருத்தர் தோட்டத்தைப் பார்க்கப் போவானா?

போன மாசம் போனேன். போனதுக்குக் காரணம் ஒரு காகிதம்.

எங்க வடக்குப் பக்கத்து வயல் பங்காளியோடது. ரெண்டு வருசத்துக்கு முன்னால வித்துட்டார். இப்ப அங்க மஞ்சள் பெயிண்ட் அடிச்ச கல்லு நட்டு, தார் ரோடு போட்டு, வாசல்ல பெரிய வளைவு கட்டியிருக்காங்க. பேர்ல மட்டும் ஒரு கார்டன் இருக்கு. அதே ஆளுங்க இப்ப என்னோட ரெண்டே முக்கால் ஏக்கரையும் கேக்குறாங்க. பெங்களூர்ல வேலை பார்க்குற என் பையன் மூலமா வரைபடம் ஒண்ணு கொடுத்தனுப்பினாங்க. என் நிலம்தான், ஆனா கட்டம் கட்டமா நம்பர் போட்டிருக்கு. நடுவுல ஒரு துண்டுக்கு மட்டும் நம்பர் இல்லை. பச்சைக் கலர் அடிச்சு ‘பூங்கா’னு எழுதியிருக்கு.

உத்துப் பார்த்தா அது எங்க கிணத்து மேடு.

மனை பிரிச்சா பத்துல ஒரு பங்கு பொது இடமா விடணும்னு சட்டம் இருக்கு. கிணத்தை மூடி, மேட்டைச் சமப்படுத்தி, அங்க நாலு பெஞ்சும் ஒரு சறுக்கு மரமும் வைப்பாங்களாம். பையன் நல்ல விதமாத்தான் சொன்னான். “அப்பா, தாத்தா வெட்டுன இடம் வீடா ஆகல பாருங்க, பார்க்கா ஆகுது. பிள்ளைங்க விளையாடும்.” எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. பூங்கான்னா என்னன்னு பெருசா ஒண்ணைப் பார்த்துட்டு வந்து பேசலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

அன்னைக்கு மார்க்கெட் வேலை முடிஞ்சதும் பஸ்ஸுக்குப் போகாம லால்பாக்குக்கு நடந்தேன். டிக்கெட் வாங்கி உள்ள போனா முதல்ல கண்ணுல பட்டது மரமோ பூவோ இல்லை, பாறை. நம்ம பக்கத்துப் பாறை மாதிரியே கருப்பும் வெள்ளையும் வரி ஓடுன பாறை. அதுக்கு 300 கோடி வருசம் வயசாம். தேசிய புவியியல் சின்னம்னு பலகை வச்சிருக்காங்க. மேல கெம்பேகவுடா கட்டுன கோபுரம் ஒண்ணு சின்னதா நிக்குது. பாறை மேல ஏறி நின்னா நாலு பக்கமும் ஊரு. ஒரு காலத்துல இந்தக் கோபுரத்துலேர்ந்து பார்த்தா தெரிஞ்சது ஏரியும் வயலும்தான்னு சொல்வாங்க. இப்ப தெரியறது கண்ணாடிக் கட்டடமும் கிரேனும்.

கீழ இறங்கி நடந்தேன். மொத்தம் 240 ஏக்கர். எங்க ஊர்ல பெரிய பண்ணைக்காரருக்குக்கூட அதுல பத்துல ஒரு பங்கு கிடையாது. ஓடுறவங்க ஓடுறாங்க, வட்டமா நின்னு கைதட்டிச் சிரிக்கிறவங்க சிரிக்கிறாங்க. என் கண்ணு போனது தரைக்கு. சருகை அள்ளிக் குவிச்சு மக்க வைக்கிற குழி, வேர்ல மண் அணைச்ச விதம், தண்ணிக் குழாய் எங்க கசியுதுன்னு இதெல்லாம்தான் பார்த்தேன். பட்டுப்பருத்தி மரம் ஒண்ணு இருக்கு. வேரு ஒவ்வொண்ணும் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நிக்குது. மரத்தடியில வேலை பார்த்த அம்மா ஒருத்தர் சீமாறால சருகு தள்ளிக்கிட்டு இருந்தாங்க. “தமிழா?”ன்னேன். “ஆமாங்கண்ணா, திருவண்ணாமலை”ன்னாங்க.

அந்த பதில் மனசுல உக்காந்துக்கிச்சு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இந்தத் தோட்டத்தோட கதையை எனக்குச் சொன்னவர் ஓசூர்ல இருக்கிற ஓய்வு பெற்ற வரலாறு வாத்தியார் ஒருத்தர். நான் பன்னெண்டாவதோட நின்னவன். அவர்கிட்ட இருக்கிற இங்கிலீஷ் புத்தகத்தை அவர் படிச்சுச் சொல்ல, நான் நோட்டுல எழுதிக்குவேன். அவர் சொன்னதுல முக்கியமானதை மட்டும் இங்க எழுதுறேன்.

லால்பாக்கை ஆரம்பிச்சது ஹைதர் அலி, 1760-ல். சிரா ஊர்ல மொகலாயர் காலத்துத் தோட்டம் ஒண்ணு இருந்துச்சாம். அதைப் பார்த்து இதுமாதிரி வேணும்னு ஆரம்பிச்சார். அப்ப நாப்பது ஏக்கர் போலத்தான். மகன் திப்பு சுல்தான் அதைத் தொடர்ந்தார். பாரசீகம், காபூல், மொரீஷியஸ்னு எங்கெங்கிருந்தோ விதையும் நாத்தும் வரவழைச்சாங்க. 1787-ல் பிரான்ஸ் ராஜாகிட்டத் தூது அனுப்பினப்ப பீரங்கியும் ஆளும் கேட்டதோட செடி, விதை, தோட்டக்காரங்களையும் சேர்த்துக் கேட்டவர் திப்பு. சண்டைக்காரர் விதை கேட்டாரான்னு நான் ஆச்சரியப்பட்டேன். வாத்தியார் சிரிச்சார். “வரி எங்கிருந்து வரும்? மண்ணுலேர்ந்துதானே? உங்க பக்கத்து மல்பெரியும் பட்டுப்பூச்சியும் யார் காலத்துச் சமாச்சாரம்னு நினைச்ச?”ன்னார். வங்காளத்திலேர்ந்து பட்டுப்பூச்சி கொண்டுவந்து மைசூர்ச் சீமையில பட்டுத் தொழிலை வளர்த்தது திப்புதான்.

இங்க ஒரு விசயம். சென்னையில இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு பெங்களூரும் மைசூரும் வேற மாநிலம். எங்க பக்கத்துக்கு அப்படி இல்லை. பாராமகால்னு சொல்ற கிருஷ்ணகிரிச் சீமை ஹைதர், திப்பு கையிலதான் இருந்துச்சு. 1791-ல் கும்பினிப் படை எங்க ராயக்கோட்டை மலைக்கோட்டையைப் பிடிச்சது. அடுத்த வருசம் போட்ட ஒப்பந்தத்துல பாராமகால் வெள்ளைக்காரனுக்குப் போச்சு. அதனால லால்பாக்கு யாரோ அடுத்த தேசத்து ராஜாவோட தோட்டம்னு எனக்குத் தோணலை. எங்க முப்பாட்டன் கட்டுன வரியிலயும் அதுல ஒரு பாத்தி இருந்திருக்கும்.

லால்பாக்குங்கிற பேர்ல ஸ்ரீரங்கப்பட்டணத்துலயும் ஒரு தோட்டம் இருந்துச்சு. ஹைதரும் திப்புவும் அடக்கமான இடம் அதுல இருக்கு. 1792 முற்றுகையில கும்பினிப் படை அந்தத் தோட்டத்து சைப்ரஸ் மரங்களை வெட்டி முற்றுகை வேலைக்குப் பயன்படுத்திக்கிச்சு. பெங்களூர் லால்பாக்கு அந்த அளவுக்கு அடிபடாம தப்பிச்சுது. தோட்டம் தப்பிக்கிறதும் தப்பிக்காததும் அதோட அழகைப் பொறுத்ததில்லை போல. யார் படை எந்தப் பக்கம் கூடாரம் அடிக்குதுங்கிறதுதான்.

1799-ல் திப்பு விழுந்தார். அடுத்த வருசமே, 1800-ல், புக்கானன்னு ஒரு கும்பினி டாக்டரை கவர்னர் ஜெனரல் மைசூர்ச் சீமைக்கு அனுப்பினார். என்ன விளையுது, எப்படி விளைவிக்கிறாங்க, மாடு என்ன, கலப்பை என்ன, வரி என்னன்னு ஊர் ஊராப் போய் எழுதச் சொல்லி. அந்த ஆளு சென்னையிலிருந்து கிளம்பி பெங்களூர் வந்து தோட்டத்தையும் பார்த்திருக்கார். 1807-ல் மூணு தொகுதியா அந்தப் புத்தகம் அச்சாகியிருக்கு. வாத்தியார் அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டினப்ப நான் எழுதுறதை நிறுத்திட்டேன்.

அவர் பார்த்தது ரெண்டு தோட்டம். ஹைதர் தோட்டம் ஒண்ணு, திப்பு தோட்டம் ஒண்ணு. சதுரம் சதுரமா பாத்தி, நடுவுல நடைபாதை, ரெண்டு ஓரமும் சைப்ரஸ். ஒரு சதுரம் முழுக்க ரோஜா, இன்னொண்ணு முழுக்க மாதுளைன்னு ஒவ்வொரு பயிருக்கும் தனி இடம். கீரையும் இருந்திருக்கு. பராமரிப்பு சரியில்லைன்னு ஒரு குறை எழுதியிருக்கார். முன்னால நல்லா வச்சிருந்தாங்கன்னு அங்க இருந்தவங்க சொன்னதையும் எழுதியிருக்கார். பின்ன? ராஜா செத்து ஒரு வருசம், கூலி யார் கொடுத்திருப்பாங்க?

அப்புறம் தண்ணிக்கு வர்றார். ஹைதர் தோட்டத்துக்கு ஏரித் தண்ணி தானா பாயுது. திப்பு தோட்டத்துக்குக் கிணத்துத் தண்ணி. அதை இறைக்கிறது கவலை. தோல் சால், கயிறு, உருளை, சரிவுல இறங்குற ஒரு ஜோடி மாடு. ஏத்தத்தைவிட இதுலதான் வேலை நல்லா நடக்குதுன்னு வேலைக்காரங்க அவர்கிட்டச் சொல்லியிருக்காங்க. இருநூறு வருசத்துக்கு முன்னால லால்பாக்குல நின்ன ஒரு கூலி ஆளோட வாய்ச்சொல் இது. பேர் இல்லை. ஆனா பேச்சு இருக்கு.

கவலையை நான் கடைசியாப் பார்த்தப்ப எனக்கு ஏழு வயசு இருக்கும். எங்க கிணத்து மேட்டுல, இப்ப வரைபடத்துல பச்சை அடிச்சிருக்கிற அதே இடத்துல, கவலை வாரி இருந்துச்சு. வாரின்னா மாடு இறங்கி ஏறுற சரிவு. நகரத்துல இருக்கிற பிள்ளைங்களுக்காகச் சொல்றேன். கிணத்து ஓரத்துல ரெண்டு கல்தூண், நடுவுல உருளை. பெரிய சால் கிணத்துக்குள்ள இறங்கும். சாலோட அடியில தோல்ல ஒரு குழாய், தும்பின்னு பேர். சாலை இழுக்கிறது வடம், தும்பியைத் தூக்கிப் பிடிக்கிறது வால்கயிறு. மாடு சரிவுல இறங்கும்போது ஓட்டுறவர் வடத்து மேல ஏறி உக்காந்துக்குவார். அவர் கனமும் சேர்ந்து இழுக்கும். சால் மேல வந்ததும் வால்கயிறு தும்பியைத் தொட்டிக்குள்ள சாய்க்கும். கொடகொடன்னு தண்ணி கொட்டும். அப்புறம் மாடு பின்னாலயே நடந்து மேட்டுக்கு வரணும். மாட்டுக்கு அதுதான் கஷ்டம். காலையில நாலு மணிக்குப் பூட்டினா வெயில் ஏறுற வரைக்கும். எங்க தாத்தா பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுவார், எத்தனை சால் ஆச்சுங்கிற கணக்கு பாட்டுலயே இருக்கும். எங்க அப்பா மடை திருப்பித் தண்ணி கட்டுவார். மோட்டார் வந்த வருசம் சாலைக் கழட்டி மாட்டுக் கொட்டகையில போட்டாங்க. கொஞ்ச நாள்ல எலி தின்னுடுச்சு.

திப்பு தோட்டத்து ரோஜாவுக்கு அப்படித்தான் தண்ணி போயிருக்கு. பூ பார்க்க வந்த நவாபு யாரும் அந்த நாலு மணியைப் பார்த்திருக்க மாட்டாங்க.

புக்கானன் சொன்னதுல இன்னொண்ணு எனக்குப் பிடிச்சது. அப்பாவோட தோட்டம் மகன் தோட்டத்தைவிட நல்லா இருக்குன்னு அவர் அபிப்ராயம். திப்பு தன் தோட்டத்துல சுண்ணாம்பும் செங்கல்லும் வச்சு அதிகமாக் கட்டிட்டாராம். மண்ணைச் சிறையில போட்ட மாதிரி இருக்குங்கிற அர்த்தத்துல எழுதியிருக்கார். நம்ம ஊர்ல இப்ப பேவர் பிளாக் போடாத பூங்காவைக் காட்டுங்க பார்ப்போம்.

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். தோட்டம் வாஃ என்கிற கும்பினி மேஜர் கைக்குப் போய், அவர் 1819-ல் கும்பினிக்கே கொடுத்துட்டார். 1856-ல் அரசாங்கத் தோட்டக்கலைப் பூங்கா ஆச்சு. லண்டன் கியூ தோட்டத்துல வேலை கத்துக்கிட்ட நியூ என்கிறவரை வரவழைச்சுப் பொறுப்புல வச்சாங்க. 1874-ல் வந்தவர் ஜான் கேமரூன். முப்பது வருசத்துக்கு மேல இருந்தார். அவர் வந்தப்ப 45 ஏக்கர். 1889-ல் கொஞ்சம், 1891-ல் பாறையோட சேர்த்துக் கொஞ்சம், 1894-ல் பெரிய துண்டா 94 ஏக்கர்னு சேர்த்துச் சேர்த்து 188 ஏக்கர் ஆக்கினாங்க. இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு ஒரு கேள்வி. சேர்த்த நிலம் யாருது? பெங்களூர் ஓரத்துல அந்தக் காலத்துல சும்மா கிடந்த நிலமா? நான் கேட்டேன், வாத்தியார் புத்தகத்தை மூடிட்டார்.

கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் 1889-ல் விக்டோரியா ராணியோட பேரன் நாட்டினது. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாதிரி. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க் கண்காட்சி வைக்கிறது இங்கதான். நான் போன அன்னைக்குப் பூட்டிக் கிடந்துச்சு. வெளியில நின்னு எட்டிப் பார்த்தேன். நம்ம பக்கத்துப் பசுமைக்குடிலுக்கு இதுதான் பாட்டன். பாலிதீனுக்குப் பதிலாக் கண்ணாடி.

ஆனா கேமரூன் காலத்து லால்பாக்கு உலாவுற இடம் மட்டும் இல்லை, பயிர் சோதனை பண்ணிப் பார்க்குற இடம். வெளிநாட்டுக் காயும் பழமும் இந்த மண்ணுக்கும் குளிருக்கும் வருதான்னு போட்டுப் பார்த்து, வந்தா விதையும் நாத்தும் விவசாயிகளுக்குக் கொடுத்திருக்காங்க. அதுல ஒண்ணு உங்க வீட்டுக் கூட்டுல இருக்கும், சௌசௌ. மெக்சிகோ பக்கத்துக் காய். கேமரூன் லால்பாக்குல கொண்டுவந்து பயிராக்கினது. கன்னடத்துல சீமே பதனெகாய்ம்பாங்க, சீமைக் கத்தரிக்காய்னு அர்த்தம். கொங்குப் பக்கம் மேரக்காய். சென்னையில இதுக்குப் பேரு பெங்களூர் கத்தரிக்காய். பெங்களூர்க்காரங்களுக்கு அது சீமையிலேர்ந்து வந்தது, சென்னைக்காரங்களுக்கு அது பெங்களூர்லேர்ந்து வந்தது. ஒரு காய் வந்த வழியை மக்கள் பேர்லயே எழுதி வச்சிருக்காங்க.

கேமரூனுக்கு அப்புறம் கிரும்பிகல்னு ஒரு ஜெர்மன்காரர், 1908 முதல். பெங்களூர் ரோட்டோரம் வருசம் பூரா ஒண்ணு மாத்தி ஒண்ணு பூக்குதே, அந்த மரங்களை அப்படித் திட்டம் போட்டு வச்சது அவர்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் தோட்டக்கலைத் துறை இயக்குநரா இருந்த மரிகவுடா. திராட்சை விவசாயிகளைச் சேர்த்து 1959-ல் ஆரம்பிச்ச கூட்டுறவுச் சங்கம்தான் பின்னால ஹாப்காம்ஸ் ஆச்சு. அதுக்குத் தலைமை இடம் லால்பாக்குலயே இருக்கு. விவசாயி காய் கொண்டுவந்து எடை போட்டுட்டுப் போற இடம், பூங்காவுக்குள்ளயே. அது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஒரு ஓரமாவது வேலைக்கு இருக்கே.

இப்ப அந்தத் திருவண்ணாமலை அம்மா விசயத்துக்கு வர்றேன்.

மேல சொன்ன பேரெல்லாம் சுல்தான், மேஜர், சூப்பிரண்டெண்டு, இயக்குநர். கவலை ஓட்டினது யாரு? பாத்தி கட்டினது யாரு? பெங்களூர்ல தோட்டவேலைக்குன்னு ஒரு சமூகம் உண்டு. திகளர். பழைய கன்னடப் பேச்சுல தமிழரைத் திகளர்னுதான் சொல்வாங்க. தமிழ்ச் சீமையிலேர்ந்து போனவங்க. ஹைதர் தோட்டத்துக்காகவே கூட்டிட்டு வந்தார்னு ஒரு பேச்சு. அதுக்கு முன்னாலயே அங்க இருந்தாங்கன்னு இன்னொரு பேச்சு. எப்படியிருந்தாலும் பெங்களூருக்குக் கீரையும் காயும் பூவும் போட்டது அவங்க. சித்திரைப் பௌர்ணமிக்கு நடக்குற பெங்களூர் கரகம் அவங்களோடது. தர்மராயர் கோயில், திரௌபதியம்மன். எங்க கிருஷ்ணகிரிப் பக்கத்துலயும் தர்மராஜா கோயில் இல்லாத வட்டாரம் கிடையாது. பாரதக் கூத்து, துரியோதனன் படுகளம், தீமிதின்னு ஒரு மாசம் ஓடும். சாமி ஒண்ணு, மண்வெட்டியும் ஒண்ணு.

லால்பாக்குக்குப் பக்கத்துல சித்தாபுரான்னு ஒரு இடம். வரிசையா நர்சரி. வெளியில வந்ததும் அங்க போனேன். ஒரு நர்சரியில எழுபது வயசுப் பெரியவர் ஸ்டூல்ல உக்காந்து மல்லிகைப் பதியனுக்கு மண்ணு கலந்துக்கிட்டு இருந்தார். செம்மண்ணும் எருவும் கலக்குற கைப்பக்குவத்தைப் பார்த்தே பேச்சுக் கொடுத்தேன். பாதி கன்னடம், பாதி தமிழ். வீட்டுல பேசுற தமிழ்னார். எனக்கு முக்கால்வாசி புரிஞ்சுது. கிணத்துக்குப் போனப்ப ‘கவலை’ன்னு நான் சொன்னதும் கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்தார். “கபிலேவா? எங்க அப்பன் ஓட்டினான்”னார்.

அவங்களுக்கு ரெண்டு ஏக்கர் இருந்துச்சாம். முள்ளங்கி, தண்டுக்கீரை, கனகாம்பரம். அவர் கல்யாணத்துக்கு முன்னாலயே ஒரு பாதி ரோட்டுக்குப் போச்சு, மீதி அண்ணன் தம்பி அஞ்சு பேர் பங்குல போச்சு. இப்ப இருக்கிறது நர்சரி வச்சிருக்கிற அந்த இடம் மட்டும். அதுவும் எத்தனை நாளைக்கோன்னார். பசங்க யாரும் மண்ணுல இல்லை.

சம்பங்கி ஏரியைப் பத்தியும் அவர்தான் எடுத்தார். ஊருக்கு நடுவுல இருந்த ஏரி அது. அதைச் சுத்தித் திகளர் தோட்டம். 1890-கள்ல ஹெசரகட்டாவிலிருந்து குழாயில தண்ணி வந்ததும் ஊருக்கு அந்த ஏரி தேவைப்படலை. தோட்டக்காரங்களுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமா ஏரி வத்தி, இப்ப அங்க நிக்கிறது கண்டீரவா ஸ்டேடியம். ஓரத்துல ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டு வச்சிருக்காங்க. எதுக்குன்னா, கரகத்துச் சடங்கு அந்த ஏரியில நடக்கணும்ங்கிறது முறை. தண்ணி பாய்ச்சினவங்களுக்குச் சாமி கும்பிடுற அளவுக்குத் தண்ணி மிஞ்சியிருக்கு. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டும் ஒரு ஏரிதான், தர்மாம்புதின்னு பேரு. நம்ம ஊர்ப் பஸ்ஸுக்காக எத்தனையோ பேர் அந்த ஏரிக்குள்ள நின்னிருப்பீங்க.

லால்பாக்கை மட்டும் யாரும் தொட முடியலை. 1975-ல் கர்நாடகாவுல பூங்காவைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டாங்க. 2009-ல் மெட்ரோ ரயிலுக்காக ஒரு ஓரத்தை எடுத்தப்ப படிச்சவங்க, வயசானவங்க, பிள்ளைங்கன்னு திரண்டு வந்து மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையா எதிர்த்தாங்க. நல்ல காரியம், நான் குறை சொல்லலை. அந்த 240 ஏக்கர் இல்லைன்னா அந்த ஊர்ல மூச்சு விட முடியாது. ஆனா முள்ளங்கியும் கீரையும் விளைஞ்ச ஏக்கர் போனப்ப யாரு திரண்டாங்க? அதுவும் மரம் செடி கொடிதான். அங்கயும் குருவி வந்துச்சு. அது ஒருத்தன் பொழைப்பு, அவன் வித்தான், அவன் பாடு. பார்க்கிற தோட்டத்துக்குச் சட்டம் இருக்கு. திங்கிற தோட்டத்துக்குப் பட்டா இருக்கு. பட்டா கை மாறும்.

நான் பெரியவர்கிட்ட என் காகிதத்தைப் பத்திச் சொன்னேன். கிணத்து மேடு பூங்கா ஆகப் போகுதுன்னு. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் கேட்டார், “கிணத்துல தண்ணி இருக்கா?”

இருக்குன்னேன். எவ்வளவுன்னார். எனக்குச் சட்டுனு சொல்ல வரலை. ரெண்டு வருசமா போர் தண்ணிதான் ஓட்டுறேன். கிணத்துல மோட்டாரைக் கழட்டிட்டேன். எட்டிப் பார்த்தே எவ்வளவோ நாளாச்சு. “இருக்கும்”னு மழுப்பினேன். அவர் மறுபடி மண்ணு கலக்க உக்காந்துட்டார். ரெண்டு மல்லிகைப் பதியன் வாங்கினேன். காசு கம்மியாத்தான் வாங்கிக்கிட்டார்.

ஓசூர் பஸ்ல எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டற வரைக்கும் அவர் கேள்விதான் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இருநூறு வருசத்துக்கு முன்னால ஒரு வெள்ளைக்கார டாக்டர் கேட்டதுக்கு லால்பாக்கு ஆளு ஏத்தத்தைவிடக் கவலைதான் மேல்னு பட்டுனு பதில் சொல்லியிருக்கான். என் கிணத்தைப் பத்தி என்கிட்ட ஒருத்தர் கேட்டா எனக்குப் பதில் இல்லை.

மறுநாள் காலையில கயிறு கட்டி இறங்கிப் பார்த்தேன். எங்க வீட்டம்மா மேல நின்னு திட்டிக்கிட்டே இருந்தாங்க, இந்த வயசுல இது தேவையான்னு. கிணத்துக்கு மொத்தம் அறுபத்தி ரெண்டு படி, தாத்தா கணக்கு. நாப்பத்தி ஒண்ணு வரைக்கும் காய்ஞ்சு கிடக்கு. நாப்பத்தி ரெண்டாவதுல கால் நனைஞ்சுது. ஆக இருபத்தொரு படி தண்ணி. தெற்கு மூலையில ஊத்துக்கண் இன்னும் கசியுது. புறா அடைஞ்சு எச்சம் போட்டு வச்சிருக்கு, தூர் வாரணும். வாரினா ரெண்டு மூணு படி ஏறலாம்.

பையன் ராத்திரி போன் பண்ணினான். அவங்க வெள்ளிக்கிழமை வர்றாங்களாம், என்ன சொல்றதுன்னு கேட்டான். இருபத்தொரு படி தண்ணி இருக்குன்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை. “சரிப்பா, அதுக்கு?”ன்னான். வந்து ஒரு தடவை இறங்கிப் பாருடான்னேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்னிருக்கான். வெள்ளிக்கிழமைக்காரங்களைத் தள்ளிப் போடச் சொல்லியிருக்கேன்.

மல்லிகைப் பதியன் ரெண்டையும் பழைய கவலை வாரி ஓரமா வச்சிருக்கேன். ஒண்ணு துளிர் விட்டிருக்கு. இன்னொண்ணு சந்தேகம்தான், பஸ்ல வேர் அசைஞ்சிடுச்சு.

தூர் வார்ற ஆளுங்க நாளைக்கு வர்றேன்னிருக்காங்க. கூலி எவ்வளவு ஆச்சு, எத்தனை படி ஏறுச்சுன்னு அடுத்த தடவை எழுதுறேன்.